ஒரே இணையத்துக்கு இரண்டு கட்டணம்

இந்தியாவில் கைபேசி டேட்டா கொள்ளை மலிவு. ஆகவே நாளுக்கு ஒன்றரை ஜிபியோ இரண்டு ஜிபியோ தரும் ரீசார்ஜை விட்டுவிட்டு, டேட்டா சொற்பமாக உள்ள அல்லது அறவே இல்லாத திட்டத்துக்கு இறங்கி, இணையத்துக்கு வீட்டு வைஃபையை நம்பியிருப்பது அற்பச் சிக்கனம் என்னும் கருத்து, ரீசார்ஜ் கடை தொடங்கித் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அறிக்கைகள் வரை ஒரே குரலில் ஒலிக்கிறது. டேட்டா இல்லாத சிம் பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்கு உரியது என்றும், திறன்பேசி வைத்திருப்பவர் அதைப் பற்றி யோசிப்பதே கஞ்சத்தனம் என்றும் இக்கருத்து மேலும் ஒரு படி போகிறது.

இக்கருத்து வெறும் பேச்சில் பிறந்ததன்று. 2014 வாக்கில் ஒரு ஜிபி டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய் அளவில் செலவாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ சந்தைக்குள் நுழைந்தபின் இரண்டே ஆண்டுகளில் அத்தொகை 12 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. நிமிடக் கணக்கில் அழைப்புக்குக் காசு பிடிக்கும் முறை ஒழிந்தது. பூக்கடை முதல் ஆட்டோ வரை யுபிஐ நுழைந்துவிட்ட நிலையில், வாசலைத் தாண்டியதும் நின்றுவிடும் வைஃபையை நம்பி ஒருவர் எப்படித் தெருவில் நடமாட முடியும், மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடுமே, மாதம் நூறு ரூபாய் மிச்சத்துக்காக இந்த அவதி எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவற்றுக்குச் சரியான விடை தேடினால், அத்தரப்பு வந்தடையும் முடிவுக்கு நேர்மாறான முடிவே கிடைக்கிறது.

விவாதத்துக்குரிய திட்டங்கள் எவை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் ஜியோவில் 299 ரூபாய்க்கு 28 நாள் செல்லுபடியும் நாளுக்கு 1.5 ஜிபியும் கிடைத்தன. 189 ரூபாய்க்கு அதே 28 நாளும், அதே அளவற்ற அழைப்பும், நாளுக்கு என்றில்லாமல் மொத்தமாக 2 ஜிபியும் கிடைத்தன. ஏர்டெல்லில் இவற்றுக்கு நிகராக 349 ரூபாய்த் திட்டமும் 199 ரூபாய்த் திட்டமும் இருந்தன. இவற்றுக்கும் கீழே, டேட்டாவே இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்கள் 2025 ஜனவரியில் வந்தன. குறைகட்டணத் திட்டம் என்று இங்கே சொல்லப்படுவது கீழ்த்தட்டிலுள்ள இவ்விரு வகைகளையே. தொகைகள் மாறிக்கொண்டேயிருக்கும், மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலான விகிதம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

வைஃபை அழைப்பு என்பதற்கும் விளக்கம் தேவை. கைபேசி தன் குரலைக் கோபுரத்துக்கு அனுப்பாமல், வீட்டு மோடத்தின் வழியே, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு தனித் தடத்தில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மைய வலையமைப்புக்கு அனுப்புவதே வைஃபை அழைப்பாகும். வாட்ஸ்அப் அழைப்பைப் போல் மறுமுனையில் அதே செயலி இருக்க வேண்டியதில்லை. எண் அதே எண், டயல் செய்யும் முறையும் அதே முறை. ஏர்டெல் இதை 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தனிக்கட்டணமின்றித் தொடங்கின. ஆயினும் கைபேசியின் அமைப்புப் பட்டியலில் அதற்கென்று ஒரு விசை இருப்பதே பலருக்குத் தெரியாது.

இனி, வழக்கமான வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

1. மலிவு என்றால் எதற்கு மலிவு? 189 ரூபாய்க்கு 2 ஜிபி, 299 ரூபாய்க்கு 42 ஜிபி; 110 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 40 ஜிபி கூடுதலாகக் கிடைக்கிறது; அதாவது ஒரு ஜிபி மூன்று ரூபாய்கூட இல்லை என்பதே எதிர்த்தரப்பின் முதன்மையான கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் ஒரு ஜிபியின் விலை என்பது பயன்படுத்திய ஜிபிக்குத்தான் பொருந்துமேயன்றிக் கொடுக்கப்பட்ட ஜிபிக்குப் பொருந்தாது. வீட்டில் ஃபைபர் இணைப்பும் அலுவலகத்தில் வைஃபையும் உள்ள ஒருவர், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் மாதம் 3 ஜிபி செலவழிக்கிறார் என்று கொண்டால், மூன்றாவது ஜிபி ஒன்றுக்காக மட்டும் அவர் 110 ரூபாய் கொடுத்திருக்கிறார். எஞ்சிய 39 ஜிபி அவர் கைக்கு வரவேயில்லை. நாளொதுக்கீடு என்னும் முறையின் சூட்சுமமே இதுதான்: அன்றன்றைய ஒதுக்கீடு நள்ளிரவில் காலாவதியாகும், மிச்சம் மறுநாளுக்குச் சேராது. வார நாள்களின் மிச்சத்தை வார இறுதிக்குக் கொண்டுசெல்ல விடும் வோடஃபோன் ஐடியாவின் சில திட்டங்கள் இதற்கு விதிவிலக்கு. வீட்டில் மூன்று வேளையும் சமைத்து உண்பவர் மெஸ்ஸில் மாதம் முழுவதற்கும் டோக்கன் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சாப்பாடு இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைக்காது என்று பெருமைப்படுவதற்கும் இக்கணக்குக்கும் வேறுபாடில்லை.

இக்கணக்கைக் குடும்ப அளவில் போட்டுப் பார்த்தால் அதன் உண்மை உருவம் தெரியும். 28 நாள் என்பது மாதமன்று; ஆண்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று ரீசார்ஜ் செய்ய வைக்கும் கால அளவு அது. (முப்பது நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட வேண்டியிருந்தது.) பதின்மூன்று முறை 299 என்றால் 3,887 ரூபாய், பதின்மூன்று முறை 189 என்றால் 2,457 ரூபாய், ஒரு சிம்முக்கு வேறுபாடு 1,430 ரூபாய். நான்கு கைபேசிகள் உள்ள வீட்டில் அது 5,720 ரூபாய் ஆகிறது. ஜியோ ஃபைபரின் தொடக்கத் திட்டமான நொடிக்கு 30 மெகாபிட் வேகமுள்ள 399 ரூபாய் இணைப்புக்கு, 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் சேர்த்து ஆண்டுக்கு 5,650 ரூபாய் ஆகும். நான்கு சிம்களிலும் பயன்படாமல் காலாவதியாகும் டேட்டாவுக்குக் கொடுக்கும் தொகையைக் கொண்டே வீட்டின் ஆண்டு முழுமைக்குமான ஃபைபர் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்பது இதன் பொருள். மாதம் நூறு ரூபாய் என்று உதறித் தள்ளப்பட்ட தொகை இதுவே.

2. வைஃபை இல்லாத இடத்தில் கைபேசி ஊமையாகிவிடும் என்பது உண்மையா? இல்லை, இது வேறொரு நாட்டில் இருந்த வேறொரு திட்டத்தின் குறையை இங்குள்ளதன் மேல் ஏற்றிச் சொல்லும் பிழை. வைஃபையை முதன்மையாகவும் கோபுரத்தைத் துணையாகவும் கொண்ட கைபேசிச் சேவையைப் பெருமளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ரிபப்ளிக் வயர்லெஸ் நிறுவனம். 2011இல் மாதம் 19 டாலருக்குத் தொடங்கிய அந்நிறுவனம், 2013இல் நான்கு படிகளாகத் திட்டங்களைப் பிரித்தது. அவற்றுள் 5 டாலர்த் திட்டத்தில் கோபுரத் தொடர்பே கிடையாது. வைஃபை எட்டாத இடத்தில் அக்கைபேசி உண்மையிலேயே ஊமைதான். அடுத்த படியான 10 டாலர்த் திட்டத்தில் பேச்சும் குறுஞ்செய்தியும் கோபுரத்தின் வழியேயும் கிடைத்தன. இணையம் மட்டுமே வைஃபையைச் சார்ந்திருந்தது. இந்தியாவின் குறைகட்டணத் திட்டங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. டேட்டாவே இல்லாத சிம்மிலும் அழைப்பு கோபுரத்தின் வழியே வரும், போகும். 112 அவசர எண்ணும் கிடைக்கும். வங்கியின் ஓடிபி குறுஞ்செய்தியும் வந்து சேரும். நான்காம் தலைமுறை வலையமைப்பில் குரல் இணையப் பொதிகளாகவே செல்கிறது என்பது உண்மையானாலும், அதற்கெனத் தனித் தடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் அது பயனரின் டேட்டா ஒதுக்கீட்டிலிருந்து கழிக்கப்படுவதில்லை.

ரிபப்ளிக் வயர்லெஸ் கடைசியில் விற்கப்பட்டுவிட்டதே, அதுவே அவ்வெண்ணத்தின் தோல்விக்குச் சான்றல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. 2021இல் டிஷ் நிறுவனம் அதை வாங்கியது மெய். ஆனால் அதற்கு முன்பே கேபிள் வழி இணையம் விற்கும் பெருநிறுவனங்களான காம்காஸ்ட் 2017இலும் சார்ட்டர் 2018இலும் இதே எண்ணத்தைக் கையிலெடுத்தன: வெரைசனின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து, வாடிக்கையாளர் வீட்டிலிருக்கும் தம் மோடங்களின் மேல் பெரும்பகுதிப் போக்குவரத்தை ஏற்றி, கைபேசிச் சேவையைக் குறைந்த விலைக்கு விற்கின்றன. சிறிய நிறுவனம் மறைந்தது. அதன் வழிமுறை பெரிய நிறுவனங்களின் தொழிலாக மாறியது.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் தலைகீழானது. ஐந்தாம் தலைமுறைச் சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கம்பியும் சிமென்ட்டும் கலந்த சுவரை ஊடுருவுவதில் வலுக்குறைந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளறையில் பேசுவதற்காகப் பால்கனிக்கு ஓடும் வழக்கம் டேட்டா நிறைந்த சிம் வைத்திருப்பவர்களிடமும் உண்டு. அந்த அறையில் தெளிவாகக் கேட்பது வைஃபை அழைப்புத்தான்.

3. யுபிஐ என்ன ஆகும்? எதிர்த்தரப்பின் வாதங்களுள் கனமானது இதுவே. டேட்டா அறவே இல்லாத திட்டத்தைத் திறன்பேசிக்காரர் எடுக்கக் கூடாது என்பதற்குப் போதுமான காரணமும் இதுவே. காய்கறிக் கடையில் பணம் செலுத்த முடியாமல் நிற்பதும், பேருந்துக்கோ வாடகைக் காருக்கோ செயலியைத் திறக்க முடியாமல் தவிப்பதும் சிக்கனத்தின் பலன்களாக இருக்கலாகாது. ஆனால் இவ்வாதம் எதை நிறுவுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும். வெளியே செல்பவருக்குக் கொஞ்சம் டேட்டா வேண்டும் என்பதை அது நிறுவுகிறது. நாளுக்கு ஒன்றரை ஜிபி வேண்டும் என்பதை அது நிறுவவில்லை.

தேவையை அளக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால் அளவுகள் கலந்துவிடுகின்றன. ஒரு யுபிஐ பரிவர்த்தனைக்குச் செலவாவது கிலோபைட் கணக்கில்தான். மிகையாகவே அரை எம்பி என்று வைத்துக்கொண்டாலும், மாதம் நூறு முறை பணம் செலுத்துபவருக்கு 50 எம்பி போதும். வாட்ஸ்அப்பின் எழுத்துச் செய்திகள் இதைவிடச் சிறியவை. வழிகாட்டும் வரைபடம் ஒரு மணி நேரத்துக்குப் பொதுவாகச் சில எம்பி கேட்கும். ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் கேட்காது. மொத்தமாகத் தரப்படும் 2 ஜிபியை 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 73 எம்பி கிடைக்கிறது. மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் அது தாராளம். அதுவும் நள்ளிரவில் அழிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்தால் அன்றைய பங்கு திங்கட்கிழமைக்குச் சேரும்.

ஜிபி கணக்கில் டேட்டாவை விழுங்குவது காணொளி ஒன்றே. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரையிலும், உயர்தரத்தில் 3 ஜிபி வரையிலும் ஆகும். ஆகவே, வெளியே போனால் என்ன செய்வது என்னும் கேள்வியை உரித்துப் பார்த்தால், பேருந்தில் ரீல்ஸ் பார்க்காமல் இருக்க முடியுமா என்னும் கேள்வியே உள்ளே இருக்கிறது. பார்ப்பது தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதைப் பார்க்காதவரும், வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பவரும், பார்ப்பவருக்காக வகுக்கப்பட்ட கட்டணத்தைக் கட்ட வேண்டியதில்லை. யுபிஐயைச் சான்றாகக் காட்டிக் காணொளிக்கு விலை வசூலிப்பதே இங்கே நடக்கிறது.

குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே திட்டம் வேண்டும் என்பதும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நாள்தோறும் வெளியே அலையும் ஒருவரின் சிம்மில் பெரிய திட்டமும், ஏனையோர் சிம்களில் சிறிய திட்டமும் இருக்கலாம். சேர்ந்து பயணம் செய்யும்போது ஒரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டே மற்றவற்றுக்குப் போதும். நடப்பில் இருப்பதோ வேறு. ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கும் தாய் தந்தையரின் கைபேசிகளுக்கு, வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் 3,599 ரூபாய் ஆண்டுத் திட்டத்தைப் பாசத்தோடு ஒரே தவணையில் போட்டுவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு, இரண்டரை ஜிபி வீதம் ஆண்டு முழுவதும் அங்கே காலாவதியாகிக்கொண்டிருக்க, அப்பெற்றோர் அதே பிள்ளைகளின் முகத்தைக் காணொளி அழைப்பில் பார்ப்பது வரவேற்பறை மோடத்தின் வழியே.

4. சராசரி இந்தியப் பயனர் மாதம் 20 ஜிபிக்கு மேல் கைபேசி டேட்டா செலவழிக்கிறாரே, 2 ஜிபி எப்படிப் போதும்? இப்புள்ளிவிவரம் சரியானது; பொருத்தம்தான் தவறு. நாட்டில் கம்பிவழி அகலப்பட்டை இணைப்புகள் சுமார் 4 கோடி. கைபேசிவழி இணையச் சந்தாக்களோ 90 கோடியை ஒட்டியவை. ஆகவே அந்தச் சராசரி, பெரும்பாலும் கம்பி இணைப்பே இல்லாதவர்களின் பயன்பாட்டை அளக்கிறது. அவர்களுக்குக் கைபேசியே தொலைக்காட்சி, அதுவே கணினி, அதுவே பள்ளிக்கூடம். அவர்களுடைய சராசரியைக் கொண்டு ஃபைபர் உள்ள வீட்டின் தேவையை முடிவு செய்வது, இருவேறு மக்கள் தொகுதிகளை ஒன்றாகக் குழப்புவதாகும். போதாக்குறைக்கு, அச்சராசரியே ஓரளவு திட்டத்தின் விளைபொருள். இன்றைக்குள் பயன்படுத்தாவிட்டால் வீணாகும் என்று தெரிந்த ஒன்றை மனிதர் பயன்படுத்தித் தீர்ப்பது இயல்பு. வீட்டிலிருக்கும்போதும் வைஃபையை அணைத்துவிட்டு, இருக்கிற டேட்டாவைத் தீர்ப்போம் என்று காணொளி பார்ப்பவர்கள் அரிதல்லர். திட்டம் உண்டாக்கிய பழக்கத்தையே திட்டத்துக்கான தேவையாகக் காட்டுவது சுற்று வாதம்.

5. மின்சாரம் போனால்? மோடம் அணையும், அணைந்த மறுகணம் கைபேசி கோபுரத்துக்குத் திரும்பி, அழைப்பு வழக்கம்போல் வரும். இழப்பது இணைய வேகத்தை மட்டுமே. அதுவும் கையிலுள்ள 2 ஜிபியால் ஒப்பேறும். தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் பிற்பகல் வரை முன்னறிவிப்போடு வரும் மின்தடையே பலருக்கு வழக்கமானது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதுவும் ஒரு பொருட்டன்று. மோடத்துக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். புயலைச் சான்று காட்டுவது இதைவிடவும் பலவீனமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியபோது, மின்சாரமற்ற பகுதிகளில் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்து, டேட்டா நிறைந்த சிம்களும் சிக்னலின்றிக் கிடந்தன. பேரிடரில் உதவுவது ஒன்றுக்கொன்று வேறான இரு வழிகளை வைத்திருப்பதே. கம்பியும் கோபுரமும் அத்தகைய இரு வழிகள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: 2023 முதல் விற்கப்படும் ஏர்ஃபைபர் போன்ற சேவைகள் பெயரில் ஃபைபர் என்று சொல்லிக்கொண்டாலும் வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவருவது அதே கைபேசிக் கோபுரம்தான். கோபுரம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

6. இரண்டில் ஒன்று போதுமென்றால், வெட்ட வேண்டியது கம்பியைத்தானே? கூர்மையான எதிர்வாதம் இது. பாதி அளவுக்குச் சரியானதும்கூட. தனியாக வாழும் ஒருவருக்கு 299 ரூபாய்த் திட்டம் ஆண்டுக்கு 3,887 ரூபாய். 189 ரூபாய்த் திட்டமும் ஃபைபரும் சேர்ந்தால் 8,107 ரூபாய். அவருக்குக் கம்பி தேவையில்லை. இருவர் உள்ள வீட்டிலும் மூவர் உள்ள வீட்டிலும்கூட, வெறும் கட்டணக் கணக்கில் கம்பியில்லா வழியே மலிவு. நான்காவது சிம் சேரும்போது தராசு சாய்கிறது: நான்கு 299 ரூபாய்த் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 15,548 ரூபாய், நான்கு 189 ரூபாய்த் திட்டங்களும் ஃபைபரும் சேர்ந்து 15,478 ரூபாய். ஏறத்தாழ அதே செலவில், தொலைக்காட்சிக்கும் மடிக்கணினிக்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் பயன்படும், மாதத்துக்கு 3,300 ஜிபி எல்லையுள்ள இணைப்பு ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களோடு தரப்படும் அளவற்ற 5ஜியைக் காட்டி இக்கணக்கை மறுப்பவர், அதற்கு ஜியோவில் சிம் ஒன்றுக்கு 349 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு ஆண்டுக்கு 18,148 ரூபாய் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் புதிதாகக் கம்பி போடலாமா என்று யோசிப்பவருக்கான கணக்குகள். வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகவோ தொலைக்காட்சிக்காகவோ ஏற்கெனவே ஃபைபர் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த யோசனைக்கே இடமில்லை. அங்கே சிம் ஒன்றாக இருந்தாலும் ஐந்தாக இருந்தாலும் பெரிய திட்டம் முழுக்க மிகைச்செலவு.

7. வைஃபை பாதுகாப்பற்றதா? வீட்டு வைஃபைக்கும் ரயில் நிலைய வைஃபைக்கும் வேறுபாடு காணாமல் எழுப்பப்படும் அச்சம் இது. வைஃபை அழைப்பு மறையாக்கப்பட்ட தடத்தில் செல்கிறது என்பது முன்னரே கூறப்பட்டது. பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பின் மறையாக்கம் அதைவிடப் பலவீனமானது. பொது இடத்து இலவச வைஃபையில் வங்கி வேலை பார்க்காமல், கையிலுள்ள சிறிய டேட்டாவையே பயன்படுத்துவது நல்லது. அதற்கு மேல் இவ்வாதத்தில் சரக்கில்லை.

8. டேட்டா இல்லாத திட்டம் மக்களை இரண்டாந்தரமாக்குமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் வேண்டுமா என்று 2024இல் கருத்துக் கேட்டபோது, எல்லாம் சேர்ந்த திட்டமே வாடிக்கையாளருக்கு நன்மை என்றும், பிரிப்பது எண்ணிம வளர்ச்சியைப் பின்னோக்கி இழுக்கும் என்றும் நிறுவனங்கள் வாதிட்டன. ஆணையம் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 15 கோடிப் பேர் இன்னும் இரண்டாம் தலைமுறைக் கைபேசியே வைத்திருப்பதையும், முதியவர்களும் வீட்டில் அகலப்பட்டை இணைப்பு உள்ள குடும்பங்களும் டேட்டா சேர்ந்த திட்டத்தை வேண்டவில்லை என்பதையும் சுட்டிக்காட்டி, அத்தகைய திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் 23ஆம் நாள் விதியைத் திருத்தியது. வேண்டாத பொருளை வேண்டிய பொருளோடு கட்டி விற்பதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவது விற்பவருக்கு வசதி. வாங்குபவருக்கு அதனால் என்ன சமத்துவம் வந்தது என்பதை எவரும் விளக்கவில்லை.

அடுத்து நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 84 நாளும் 6 ஜிபியும் தந்த 479 ரூபாய்த் திட்டத்தை விலக்கிய ஜியோ, டேட்டாவே இல்லாத திட்டத்துக்கு முதலில் 458 ரூபாய் என்று விலை வைத்தது; ஏர்டெல் தன் 509 ரூபாய்த் திட்டத்தின் டேட்டாவை நீக்கிவிட்டு 499 ரூபாய் என்றது. புதிய விலைகளை ஆராய்வதாக ஆணையம் அறிவித்த சில நாள்களில் அவை 448 ஆகவும் 469 ஆகவும் இறங்கின. டேட்டாவை எடுக்கும்போது 6 ஜிபிக்குக் கழிவு 31 ரூபாய். சேர்க்கும்போது, அதே 84 நாளுக்கு நாளொன்றுக்கு 1.5 ஜிபி உள்ள ஜியோ திட்டத்தின் விலை அப்போது 799 ரூபாய், அதாவது 351 ரூபாய் கூடுதல். டேட்டா அறவே இல்லாத திட்டம் திறன்பேசிக்காரருக்கு இலாபமற்றது என்று எதிர்த்தரப்பு சொல்லுமானால் அது சரி. ஆனால் அதற்குக் காரணம் வைஃபையின் குறைபாடன்று, நிறுவனங்கள் வைத்த விலை. சிறிதளவு டேட்டா உள்ள திட்டமே இன்றைய நிலையில் பொருத்தமானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சொன்னபின், இம்மாற்றம் யாருக்கு ஏற்காது என்பதையும் வரையறுத்துவிடலாம். நாள் முழுதும் சாலையில் இருக்கும் உணவு விநியோகப் பணியாளர், வாடகைக் கார் ஓட்டுநர், விடுதி மாணவர், கம்பி எட்டாத ஊரில் வாழ்பவர் ஆகியோருக்கு நாளொதுக்கீட்டுத் திட்டம் உண்மையிலேயே மலிவானது. அவர்கள் அதை விடக் கூடாது. அவர்களுக்காகவேனும் ஏனையோர் விட வேண்டும். அலைக்கற்றை ஒரு பகுதியில் உள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் பொருள். ஒருவர் மிகுதியாக எடுத்தால் மற்றவருக்கு வேகம் குறையும். 2022ஆம் ஆண்டு ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு விற்கப்பட்ட அலைக்கற்றையின் ஒரு பகுதி, பத்தடி தொலைவில் ஃபைபர் மோடம் எரிந்துகொண்டிருக்கும் அறையில், காலாவதியாகும் முன் தீர்த்துவிட வேண்டும் என்பதற்காகவே ஓடும் காணொளிக்குச் செலவாகிறது. தெருமுனையில் அடுத்த முகவரியைத் தேடி நிற்கும் பணியாளரின் கைபேசியில் வரைபடம் திறக்கத் தாமதமாவதில் அதற்கும் பங்குண்டு.

ஒவ்வொரு வாடிக்கையாளரும் 42 ஜிபியில் எத்தனையைப் பயன்படுத்தினார் என்பது நிறுவனங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அன்றைய ஒதுக்கீட்டில் பாதி தீர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி, பெரும்பகுதி தீர்ந்ததும் இன்னொன்று, திட்டம் முடியும் நாளை நினைவூட்ட வேறு பல என்று அனுப்பும் அவை, கடந்த 28 நாளில் எவ்வளவு பயன்படாமல் போயிற்று என்பதை மட்டும் சொல்வதில்லை. ரீசார்ஜ் நினைவூட்டல் ஒவ்வொன்றிலும் அந்த ஒற்றை எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று ட்ராய் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டும் பக்கம் கைபேசியின் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. அடுத்த ரீசார்ஜுக்கு முன் வாசகர்கள் அதைத் திறந்து பார்க்கட்டும்.